ஊர் கேட்காத பக்கம்

போன கிழமை உங்களில் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். எங்கள் எழுத்துச் செயலிக்கு உதவி செய்யப் புதிதாக வருகிறவர்களுக்கென்று ஒரு வழிகாட்டிப் பக்கம் இருக்கிறதல்லவா, அதில் ஒரு கட்டம் கூட்டவேண்டுமாம்: ‘உங்கள் ஊர்’. எல்லோரும் ஊரைத் தந்தால் உலகப் படத்தில் புள்ளி புள்ளியாகப் போட்டு, எங்கெங்கிருந்தெல்லாம் கை சேர்கிறது என்று காட்டலாமாம். வடிவான யோசனை. அந்தப் பிள்ளைக்கு நான் ஓம் என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. இரண்டு வரியில் அடங்குகிற பதில் இல்லை அது. நான் கதைக்கத் தொடங்கினால் நிற்பாட்டத் தெரியாதவன் என்பது உங்களுக்குத் தெரியும்தானே. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள்.

நான் படித்துப் பட்டம் வாங்கி இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. திருகோணமலையில் உள்துறைமுகப் பக்கம் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். ரேடியோ போய் ரீவி வந்தது, ரீவிக்குப் பின்னால் கணினி வந்தது. பழுதானதைத் திறந்து பார்த்துப் பார்த்தே பழகினேன். கடையின் ஒரு பக்கம் வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் கோல் எடுக்கிற பெட்டி, மற்றப் பக்கம் இரண்டு கணினி. சண்டை நின்றிருந்த கொஞ்சக் காலத்தில்தான் அந்தக் கணினிகளில் ஒன்றில் எங்கள் செயலியைக் கண்டேன். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று போட்டிருந்தது. ஊரில் ஒரு மதிலுக்கு வெள்ளையடிக்கவே பத்துப் பேரிடம் கேட்கவேண்டும். இது நல்ல சாமான் என்று உள்ளே போனேன்.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. மனைவியும் மகளும் கொழும்பில் மைத்துனி வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடையைப் பூட்டினால் பிறகு திறக்கக் கிடைக்காது என்று நான் மட்டும் நின்றேன். வெயில் தாழ முதலே வீதி வெறித்துப்போகும். கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தால் கதைக்க ஒரு சீவன் இல்லை. யன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும். அங்கே நிற்கிற கப்பலுக்குக்கூடப் பக்கத்தில் இன்னொரு கப்பல் நிற்கும். எனக்கு வந்ததெல்லாம் தொலைபேசி வயரால் இறங்குகிற மின்னஞ்சல்தான்.

அதில் அதிகம் எழுதியவர் ஓர் அம்மா. எங்கேயோ ஒரு குளிர் நாட்டில் இருந்தார். வழிகாட்டிப் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. நான் அவரைக் கண்டதில்லை, குரலும் கேட்டதில்லை. எனக்கு அரைகுறை இங்கிலீசு, அவருக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே என்னால்தான் தெரியும். ஆனால் இந்தத் தொழிலில் நான் கற்றதில் முக்காற்பங்கு அவரிடம் கற்றது. வழிகாட்டியைத் தமிழில் எழுதச் சொன்னவரும் அவர்தான். எழுதினேன். மூலத்தில் என்ன இருந்ததோ அதை ஒரு வரி விடாமல் தமிழுக்குக் கொண்டுவந்து, அச்செடுத்து, கடைச் சுவரிலும் ஒட்டினேன். இந்த ஊரிலிருந்து ஒரே ஒரு ஆள் வந்து சேர்ந்தால் போதும், பின்னேரங்களில் பக்கத்துக் கதிரையில் இருந்து கதைக்க ஒரு ஆள் கிடைக்கும் என்பது என்னுடைய ஆசை.

வந்தார்கள்தான். கோல் எடுக்க வந்து காத்திருக்கிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், இது என்ன அண்ணை என்பார்கள், இருந்து தொடங்குவார்கள். அரைவாசியில் எழும்பிவிடுவார்கள். “பிறகு வாறன் அண்ணை.” எங்கள் பக்கத்தில் ‘போட்டு வாறன்’ என்று சொல்லிப் போகிறவர் திரும்பி வருவார். ‘பிறகு வாறன்’ என்றவரை நம்பி உலை வைக்கக்கூடாது என்று மனைவி சொல்லுவாள். ஒருவரும் வரவில்லை. பொறுமையில்லாத சனம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்படி இருக்கும்போது அந்த அம்மாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல். புதிய பதிப்பு வரப்போகிறது, ஒருவரும் பாவிக்காத பக்கங்களை எடுத்துவிடச் சொல்லிக் குழுவில் முடிவு. தமிழ்ப் பக்கத்தால் இதுவரை உள்ளே வந்தவர் ஒருவரும் இல்லை. அதைக் காப்பாற்ற ஒரு வழிதான் இருக்கிறது. அதை எழுதாத ஒருவர், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒருவர் உதவியும் இல்லாமல் செய்து முடித்து, ஒரு திருத்தத்தை அனுப்பவேண்டும். நான் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதலாம். வாய் திறக்கக்கூடாது, விரல் நீட்டக்கூடாது, பெருமூச்சும் விடக்கூடாது.

இதை மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். “பல்லு முழுக்கக் கழட்டினாலும் உங்களுக்குக் கதை நிக்காது, நீங்களோ பேசாமல் இருக்கப் போறியள்” என்று சிரித்தாள். கொழும்புக்குப் போனபிறகு அவள் சிரித்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆள் தானாகவே கிடைத்தார். அன்புவழிபுரத்தில் தட்டச்சு வகுப்பு நடத்திய ரீச்சர். என்னைவிடச் சில வயது குறைவு. கடைக்கு இடைக்கிடை ரிபன் வாங்க வருவார், வரும்போது எனக்கு ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார். “உங்கட கடையில சாமான் குறைவு, கதை கூட” என்பார். அன்றைக்கு அவர் பகிடி விடவில்லை. வகுப்புக்குப் பிள்ளைகள் வருவது நின்றுபோகிறது என்றார். அரசாங்கக் கந்தோர்களில் எல்லாம் கணினி வந்துவிட்டது, அவரிடம் தட்டச்சு மெசினில் படித்த பிள்ளைகளுக்கு அதில் அடிக்க வரவில்லை. எங்கள் செயலியில் ‘தட்டச்சு முறை’ என்று ஒன்று இருந்தது, அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ‘கெ’ என்று அடிக்க, மெசினில் பழகிய கை முதலில் முன்னால் நிற்கிற கொம்பை அடிக்கும், பிறகு எழுத்தை. செயலியோ கொம்பைத் தனியாக அந்தரத்தில் நிற்பாட்டிவிட்டு, அடுத்த எழுத்தை வேறாகப் போட்டது.

“கொம்பு ஒரு பக்கம், மாடு ஒரு பக்கமா நிக்குது அண்ணை. இதை ஆர் திருத்துறது?”

“யாரும் திருத்தலாம் ரீச்சர்.”

“அப்ப நான்?”

சுவரைக் காட்டினேன். அது திருத்தப்பட்டால் அவருடைய பிள்ளைகள் அடுத்த நாளே எந்தக் கந்தோரிலும் போய் இருந்து அடிப்பார்கள், வகுப்பு தப்பும். அவர் அதைச் செய்து முடித்தால் என் பக்கமும் தப்பும். இருவருக்கும் ஒரே தோணி.

அவர் வந்தது ஒரு பகல் நேரம், கரண்ட் இருந்த நாள். எந்தெந்த விசையை எப்படி மாற்றவேண்டும் என்று பிறிஸ்டல் போட் மட்டையில் கீறிக்கொண்டு வந்திருந்தார். நான் பின்னால் கதிரையைப் போட்டு, வாய்க்குள் ஒரு கராம்பைப் போட்டுக் கடித்துக்கொண்டேன். கராம்பு வாயில் இருந்தால் நாக்கு விறைக்கும், கதை வராது என்று ஒரு எண்ணம்.

பிள்ளைகளே, ஒருவர் நீங்கள் எழுதியதை வாசித்துக்கொண்டு தடுமாறுகிறார், நீங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்கள். அதைவிடக் கரைச்சலான வேலையை நான் செய்ததில்லை. இரண்டாம் வரியிலேயே அவர் நின்றார். ‘கோப்புறையைத் திறக்கவும்’ என்று எழுதியிருந்தேன். எந்தக் கோப்புறை என்று எழுதவில்லை. அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, என் மகளின் பிறந்தநாள் படங்களையும் பார்த்து, “பிள்ளை உங்களைப் போல இல்லை, தப்பிச்சிட்டுது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கடைசியில் கண்டுபிடித்தார். நான் என்னுடைய துண்டில் எழுதிக்கொண்டேன். இன்னோர் இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி வந்தது. அதை ஒரு கறுத்த பூனை குறுக்கே போனமாதிரிப் பார்த்துவிட்டு, மூடி, திரும்பத் தொடங்கினார். விசைகளின் அட்டவணையைத் திருத்தினார். சோதித்துப் பார்த்தார். கொம்பும் எழுத்தும் ஒன்றாக நின்றன. அந்த வரியை அவர் திரும்பத் திரும்ப அடித்தார். முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடமாம், யளனகபக, யளனகபக என்று ஒரு வரி, அதன் கீழே கொம்பு வைத்த எழுத்துகளாக ஒரு வரி. விரல் மழைபோல விழுந்தது. எனக்குக் கராம்பு சக்கையாகிவிட்டது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மிச்சம் இருந்தது அனுப்புவதுதான். அதற்கு முதல் ஒரு படி. ‘உங்கள் முழுப்பெயரையும் ஊரையும் இங்கே கொடுக்கவும். இவை எல்லோரும் பார்க்கக்கூடிய பட்டியலில் நிரந்தரமாக இருக்கும்.’

ரீச்சர் கையை எடுத்து மடியில் வைத்தார்.

நான் நினைத்தேன், விசை ஏதோ தெரியவில்லையாக்கும் என்று. பிறகு பிறிஸ்டல் போட்டைச் சுருட்டத் தொடங்கினார்.

“பிறகு வாறன் அண்ணை.”

எழும்பிவிட்டால் சோதனை முடிந்தது, அதற்குப் பிறகு கேட்கலாம் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். கேட்டேன்.

“என்ன ரீச்சர், முடிஞ்சுதே. பேர்தானே.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்துத்தான் சொன்னார். “எங்கட வீட்டில ஒரு பேர் பட்டியலில வந்தது போதும் அண்ணை.”

அவருடைய தம்பியின் கதை எனக்குத் தெரியும். அந்தப் பகுதி முழுக்கத் தெரியும். ஒரு சுற்றிவளைப்பில் எல்லோரையும் வெளியில் நிற்பாட்டி வைத்துப் பெயர் வாசித்தார்கள். வாசித்த பெயருக்கு அவன் கையை உயர்த்தினான். பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் அந்த வரியைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். நான் சேர்ந்தது சண்டை நின்றிருந்த காலம். அப்போது பெயரையும் ஊரையும் சிரித்துக்கொண்டு கொடுத்தேன், அதற்குப் பிறகு அந்தப் படி எனக்கு வரவே இல்லை. சல்லிக் கடற்கரையில் தோணி ஓட்டுகிற ஒருவர் என்னிடம் ரேடியோ திருத்த வரும்போது சொல்லுவார்: “வழி தெரிஞ்சவனிட்ட வழி கேக்காத. அவன் தண்ணிக்குக் கீழ கிடக்கிற கல்லைச் சொல்லமாட்டான். அவன்ர கை தானா அதைச் சுத்தித் துடுப்பு வலிச்சிடும்.”

ரீச்சர் வாசலில் நின்று திரும்பினார். என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்கும்.

“உங்கட பக்கத்தை எடுத்துப்போடுவினம் எண்டனீங்கள். உங்கட பேரைப் போட்டு அனுப்புங்கோ. எனக்கு ஒண்டுமில்லை. கொம்பு சரியா நிண்டால் காணும்.”

பதிப்புக்கு இன்னும் இரண்டொரு நாள்தான் இருந்தது. என் பெயரைப் போட்டு, ‘ஒருவர் கடைசி வரை போய் முடித்தார்’ என்று எழுதினால் பக்கமும் தப்பும், அவருடைய பிள்ளைகளும் தப்புவார்கள். அவரே சொல்லிவிட்டார். அன்றைக்கு விட்டால் இந்த ஊரில் இன்னொருவர் வந்து அந்தக் கதிரையில் இருப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை. பொய்யும் பெரிய பொய் இல்லை. எவருக்கும் நட்டம் இல்லை.

அவரைப் போகவிட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன். முன்னம் ஒருநாள் அரைவாசியில் எழும்பிப் போனவர்களில் ஒருவர் அங்கே இருந்தார், வங்கியில் எழுதுவினைஞர். படலையில் நின்றபடியே கேட்டேன், அன்றைக்கு ஏன் விட்டிட்டுப் போனனீங்கள் என்று. அவர் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். “அதில ஊர் கேட்டுது அண்ணை. சும்மா ஒரு வேலைக்கு என்னத்துக்கு ஊர்?” என்றார். அவ்வளவுதான். பொறுமையில்லாத சனம் இல்லை. எல்லோரும் ஒரே கல்லில் தட்டி, சத்தம் போடாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

திரும்பி வரும் வழியில் சென்ரிச் சோதனைச்சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நின்றபோதுதான் முடிவு வந்தது. அங்கே நின்ற சிப்பாய் என் பெயரையும் ஊரையும் உரத்து வாசித்தான். என் கை தானாக உயர்ந்தது. அது எப்போதும் உயர்வதுதான், அன்றைக்குத்தான் கவனித்தேன்.

கடைக்கு வந்து எழுதினேன். சோதனை தோற்றது. ஆள் கெட்டிக்காரி, வேலை முழுவதையும் செய்தார். பெயரும் ஊரும் கேட்ட இடத்தில் நிறுத்திவிட்டார். நிறுத்தியது சரி. எங்கள் ஊரில் அந்த வரியைத் தாண்டி ஒருவரும் வரமாட்டார்கள், வேறு ஊர்களிலும் இப்படிச் சனம் இருக்கும். தமிழ்ப் பக்கத்தை எடுப்பதென்றால் எடுங்கள், ஆனால் அந்த வரியை எல்லா மொழியிலிருந்தும் எடுங்கள். ரீச்சருடைய வேலையை நான் அனுப்பவில்லை. அது அவருடையது, அனுப்புவதும் அவருடைய விருப்பம்.

அனுப்பி முடித்த கிழமையே தொலைபேசி இணைப்பு அறுந்தது.

அதற்குப் பிறகு வந்த காலத்தை நான் விரித்துச் சொல்லப்போவதில்லை. யன்னல் கண்ணாடி அதிரும், பிறகு அமைதியாகும், அந்த அமைதி அதிர்வை விடக் கூடாதது. கடையைத் திறப்பேன், ஒருவரும் வரமாட்டார்கள், பூட்டுவேன். என் மின்னஞ்சலுக்கு என்ன பதில் வந்தது என்று தெரியாது. பக்கம் இருக்கிறதா இல்லையா தெரியாது. ஒருநாள் அன்புவழிபுரம் பக்கம் போனேன். ரீச்சரின் வீடு பூட்டியிருந்தது. மெசின்களைச் சாக்கால் மூடிக் கட்டியிருப்பது யன்னலால் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் படலைக்கு வந்து, ரீச்சராக்கள் போயிட்டினம் என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அது மரியாதை.

இணைப்புத் திரும்பி வந்தபோது மின்னஞ்சல்கள் மணிக்கணக்காக இறங்கின. என் கடிதத்துக்குக் கீழே குழுவில் பெரிய சண்டை நடந்திருந்தது. சட்டப்படி உண்மைப் பெயர் வேண்டும் என்று ஒருவர். பெயர் கொடுக்கப் பயப்படுகிறவர் ஏதோ மறைக்கிறார் என்று இன்னொருவர். அதற்குப் பிறகு, அதுவரை ஒரு சொல்லும் எழுதாத ஆட்கள் ஒவ்வொருவராக வந்திருந்தார்கள். அடிக்கிற கணவனை விட்டு ஓடிவந்த ஒரு பெண் எழுதியிருந்தார். எந்த நாடு என்று சொல்லாத ஒருவர், எங்கள் ஊரிலும் பட்டியல் வாசிப்பார்கள் என்று மட்டும் எழுதியிருந்தார். அதை நான் பல தடவை வாசித்தேன். உலகத்தில் எங்கேயோ இன்னொரு துறைமுகத்தில் ஒரு கப்பல் நிற்கிறது என்று தெரிந்தமாதிரி இருந்தது.

அந்த அம்மாவின் கடிதம் கடைசியில். தமிழ்ப் பக்கம் அந்தப் பதிப்பில் போகவில்லை, சோதனை தோற்றதால் தன்னால் காப்பாற்ற முடியவில்லை என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார். ஆனால் வழக்கம் மாறிவிட்டது. இனி விரும்பிய பெயர் போடலாம், ஒரே பெயரில் நின்றால் போதும். ஊர் கேட்பதில்லை, எந்த மொழியிலும். மாற்றிய பக்கத்தை மொழிபெயர்த்து அனுப்பு, அடுத்த பதிப்பில் போடலாம். கீழே ஒரு வரி: இத்தனை வருடத்தில் வென்ற சோதனைகளில் நான் கற்றது குறைவு.

அடுத்த பதிப்பில் தமிழ்ப் பக்கம் வந்தது, தமிழுக்கு வருகிற திருத்தங்களைப் பார்க்கிற வேலையும் என் கைக்கு வந்தது. அது வந்து சில மாதம் போனபிறகு ஒரு காலை கடையைத் திறந்து பார்த்தால், தட்டச்சு முறைக்கு ஒரு திருத்தம் வந்திருந்தது. விசை அட்டவணை முழுவதும், கொம்பு உட்பட. அனுப்பியவர் பெயர்: யளனகபக.

அது ரீச்சர்தான் என்று நான் சத்தியம் பண்ண ஏலாது. தமிழில் தட்டச்சுப் படித்த ஆயிரம் பேருக்கு அது முதற் பாடம். ஆனால் கூடவே வழிகாட்டிப் பக்கத்துக்கும் ஒரு சின்னத் திருத்தம் வந்திருந்தது. பெயர் கேட்கிற இடத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘இந்த இடத்தில் கை நின்றால், நின்றது உங்கள் கை மட்டும் இல்லை.’ நீங்கள் எல்லோரும் உள்ளே வரும்போது வாசித்த வரி அது. யார் எழுதியது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அவருக்குப் பதில் எழுத இருந்தேன். ‘நன்றி, சேர்த்துவிட்டோம்’ என்று அடித்தேன். அதற்குக் கீழே, ‘எங்க இருக்கிறியள் ரீச்சர்? சுகமோ?’ என்று அடித்தேன். பிறகு சுவரில் ஒட்டியிருந்த புதிய பக்கத்தைப் பார்த்தேன். ஊர் கேட்பதில்லை என்று எழுதி ஒட்டியவன் நான்தான். இரண்டாவது வரியை அழித்துவிட்டு முதல் வரியை மட்டும் அனுப்பினேன்.

அதற்குப் பிறகும் அந்தப் பெயரில் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. வருடத்துக்கு ஒன்று இரண்டு, சிறியவை, சுத்தமானவை. ஒவ்வொரு தடவையும் நான் அந்த இரண்டாவது வரியை அடிப்பேன், அழிப்பேன். சண்டை முடிந்து, மனைவியும் மகளும் திரும்பி வந்து, கடையை விற்று, நான் ஓய்வெடுத்து, திருத்தங்களைப் பார்க்கிற வேலை உங்கள் கைக்கு வந்துவிட்டது. இப்போது அடிக்கவும் அழிக்கவும்கூட எனக்கு இடமில்லை.

ஆகையால், கட்டம் கேட்ட பிள்ளைக்கு என் பதில் இது. புள்ளி வைக்கவேண்டாம். யளனகபக என்ற பெயரில் எப்போதாவது ஒன்று வந்தால், கிடப்பில் போடாமல் அன்றைக்கே பார்த்துப் பதில் போடுங்கள். வேறொன்றும் கேட்கவேண்டாம். வந்தது என்று எனக்கு மட்டும் ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கள்.